வாசல் வெளிச்சத்தில் ஒரு விலை

தியாகராய நகரின் பெரிய புடவைக் கடை ஒவ்வொன்றிலும் கணவர்களுக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. மெத்தை வைத்துத் தைத்தது. ஏசி காற்று நேராகப் படும்படி போட்டிருப்பார்கள், கெட்டுப்போகும் பொருள்களுக்குச் செய்கிற ஏற்பாடு போல. என் வாழ்நாள் வாசிப்பில் கணிசமான பகுதி இந்தப் பெஞ்சுகளில்தான் நடந்திருக்கிறது. ரூபாயின் வரலாறு பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை, அடிக்குறிப்புகள் உட்பட, உறவில் நடந்த மூன்று கல்யாணங்களுக்குப் புடவை எடுத்த நேரத்தில் முடித்தேன். அதன் பலனாக ரூபாய் ஏன் சரிகிறது என்று ஒரு பத்திரிகையில் கட்டுரையும் எழுதினேன். இரண்டு வாசகர் கடிதங்கள் வந்தன. ஒன்று வேறொருவர் கட்டுரையைப் பற்றியது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்குக் கைபேசியும் கிரெடிட் கார்டுமாக நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது விவரம் தெரியாதவனாக அல்ல. விவரம் தெரிந்தவனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். நடந்ததும் அதனால்தான்.

என் மனைவி பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஒரு வழக்கம். புடவை எவ்வளவு பிடித்திருந்தாலும், விற்பனையாளர் எவ்வளவு உருகினாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போவாள். உள்ளே எரிகிற விளக்கு கடைக்காரருடையது, வெயில் யாருடையதும் இல்லை என்பது அவள் கட்சி. வாசல்படியில் நின்று முந்தானையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே மயில் கழுத்துப் பச்சையாக இருந்தது வெளியே பாகற்காய்ப் பச்சையாக இருக்கும். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கடைக்காரர்களுக்கு இது பழக்கம்தான். வாசல் காவலாளி மட்டும் ஒரு கண் வைத்திருப்பார்.

அவள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரி அணியில் ஆடினாள். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று கால் நூற்றாண்டு மட்டையைத் தொடவில்லை. பையன் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அதே அணியில் ஆடிய இரண்டு தோழிகளைத் தேடிப் பிடித்து, தேனாம்பேட்டையில் ஒரு மாடிக் கூடத்தில் சாயங்காலங்களில் ஆட ஆரம்பித்தாள். மூத்தோருக்கான போட்டிகளில் மூன்று பேர் சேர்ந்தால் ஓர் அணி. மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவருக்குச் சளி பிடித்தாலும் அணி கிடையாது.

தோழிகளில் ஒருவர் ராயப்பேட்டையில் பல் மருத்துவர். அணித் தலைவி அவர்தான். வீட்டில் உருது, கிளினிக்கில் தமிழ், மேசைக்கு எதிரே நின்றால் அசல் ராயப்பேட்டை. இன்னொருவர் மயிலாப்பூர்க்காரர். வீட்டிலேயே இந்தி டியூஷன் எடுக்கிறார். கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு அந்த வீட்டின் வருமானம் அதுதான். அவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

மூன்று பேருக்கும் ஒரே பயிற்சியாளர் கற்றுக்கொடுத்ததால் மூன்று பேருக்கும் ஒரே ஆட்டம். மட்டையின் பின்பக்கத்தில் நீளக் குமிழ் ரப்பர். எதிராளி பந்தைச் சுழற்றி அனுப்பினால் அந்தக் குமிழ்கள் சுழற்சியை அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுக்கும். தான் அனுப்பியதே தன்னிடம் வருகிறது என்று புரியாமல் அவர் பந்தை வலையில் அடிப்பார். என் மனைவியோடு வாக்குவாதம் செய்கிறபோது எனக்கு நடப்பதும் இதுவே என்பதால், இந்த ஆட்டம் எனக்கு எளிதில் விளங்கிவிட்டது.

அந்த வகை ரப்பர் உள்ளூர்க் கடைகளில் வருவதில்லை. ஐரோப்பாவில் ஒரு கடையின் இணையதளத்தில் இருந்தது. மூன்று பேரின் ரப்பரும் தேய்ந்திருந்தாலும், டீச்சருடையதில் குமிழ்களே நாலைந்து உதிர்ந்துவிட்டிருந்தன. போன போட்டியில் நடுவர் அந்த மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து, இந்த முறை விடுகிறேன், அடுத்த முறை இதோடு வந்தால் ஆட முடியாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நானே வரவழைத்துத் தருகிறேன் என்று மாடிக் கூடத்தில் எழுந்து நின்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் ரூபாயைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் சும்மா உட்கார்ந்திருப்பது அழகல்ல என்று தோன்றியது. யூரோவின் அன்றைய மதிப்பைக் கைபேசியில் பார்த்துப் பெருக்கினேன். ரப்பரும் அனுப்பும் கூலியும் பதினாலாயிரம். சுங்க வரிக்கு நாலாயிரம் சேர்த்தேன். அதையும் யோசித்துச் சேர்த்ததில் எனக்கு என்மேல் ஒரு மரியாதை. தலைக்கு ஆறாயிரம்.

“இன்னா சார், எழுத்தாளர் போட்ட கணக்கு. நம்பலாமா?” என்றார் டாக்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “ஆறாயிரம்னா நான் ரெடி. அதுக்கு மேல ஒத்தை ரூபாய் ஏறினாலும் எனக்கு வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் வேற யாரையாவது சேத்துண்டு ஆடுங்கோ. எனக்காக யாரும் போடப்படாது.”

மறுவாரம் பணம் வந்தது. டீச்சர் வீட்டில் பெண் கல்யாணத்துக்கு வாங்கிய மொய்க் கவர்கள் மிச்சம் இருந்தன. முகப்பில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருக்குமே, அந்தக் கவர்கள். மூன்று பேரும் அதிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆறாயிரத்து ஒன்று. எனக்கு ஏதோ ரப்பருக்கே கல்யாணம் செய்து வைப்பது போல இருந்தது.

இனிப் புடவைக் கடைக்கு வரலாம்.

அண்ணன் பெண் கல்யாணத்துக்காகப் போயிருந்தோம். மனைவி மூன்றாவது மாடியில். நான் கீழே பெஞ்சில். இடப்பக்கம் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், வலப்பக்கம் ஒருவர் பங்குச் சந்தை பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போகட்டும் என்று இணையதளத்தைத் திறந்து மூன்று ரப்பரையும் கூடையில் போட்டேன். பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வந்தன. மேலே பெரிதாக, பச்சை நிறத்தில், ரூபாயில் கட்டலாம் என்றது. உங்கள் நாட்டுப் பணத்திலேயே செலுத்துங்கள், கடைசியில் திடுக்கிட வேண்டியிருக்காது என்று கீழே ஆறுதல் வேறு. அதற்கடியில் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், யூரோவில் கட்டுவதற்கான பெட்டி.

பச்சைப் பெட்டியில் இருந்த தொகை பதினாலாயிரத்து எண்ணூற்று ஒன்று.

என் கணக்கைவிட எண்ணூறு கூடுதல் என்பதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டில் பிறந்து, இத்தனை கல்யாணங்களில் கவர் கொடுத்து வளர்ந்த ஒருவனுக்கு, ஒன்றில் முடிகிற தொகையைக் கண்டால் மனம் தானாகக் கை கூப்பிவிடுகிறது. எங்கோ ஐரோப்பாவில் இருக்கிற கணினிக்கு மொய் வழக்கம் தெரிந்திருக்கிறதே என்று நெகிழ்ந்தேன். கூடுதல் எண்ணூறு பொட்டலம் கட்டும் கூலியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பச்சையை அழுத்தினேன்.

என் கார்டு அவள் கணக்கில் எடுத்த கூடுதல் கார்டு. எது வாங்கினாலும் குறுஞ்செய்தி அவளுக்குத்தான் போகும். அந்த நேரத்தில் அவள் ஒரு அரக்குப் புடவையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது, ஒரு தோளில் முந்தானையும் ஒரு கையில் கைபேசியுமாக வெயிலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரச் சொல்லித் தலையை அசைத்தாள். போனேன்.

“பதினாலுன்னுதானே சொன்னீங்க?”

சொன்னேன், கட்டும் கூலி, ரூபாய் வசதி, ஒன்றில் முடிகிற மங்களம் எல்லாவற்றையும். அவள் புடவையைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு என் கைபேசியை வாங்கி, திரையில் வெயில் படாமல் கையால் மறைத்து, அடிக்குறிப்பைப் படித்தாள். நான் புத்தகங்களில் மட்டும் படிக்கிற இடம் அது. கடை யூரோவுக்குத் தன் சொந்த விலை போட்டு ரூபாயாக்கியிருந்தது. ஊர் உலகத்து விலையைவிட அது கூடுதல் என்பதை ஒளித்துக்கூட வைக்கவில்லை, சிறிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

“கடைக்குள்ளயே அவன் ஒரு பண மாத்து கவுன்ட்டரும் போட்டு உக்காந்திருக்கான். நீங்க அவன் லைட்டுலயே பாத்து வாங்கிட்டீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை. புடவையின் சாயத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

ஆட்டோவில் ஏறியதும் வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். தேனாம்பேட்டை சிக்னல் வரைக்கும் அவளை வாத்திய இசை கேட்கவைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து பணிவாக விளக்கினார். ரூபாயில் கட்டினாலும் கடை வெளிநாட்டில் பதிவானது, எனவே வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும், அந்தக் கட்டணத்துக்கு மேல் வரி உண்டு, இரண்டும் சில நாள் கழித்துத் தனியாக வரும். சுமார் அறுநூறு. ஆக, டீச்சர் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது என்று சொன்ன கணக்கு, நான் பெஞ்சை விட்டு எழுவதற்குள் ஆயிரத்து நானூறு ஏறியிருந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். அதிகமானதை நானே போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவ முதல்ல பில்லைத்தான் கேப்பா. பாத்தா வாங்க மாட்டா. நீங்க குடுத்தா அது உதவி. அவளுக்கு உதவி வேண்டாங்க, ரப்பர் வேணும்.”

கொஞ்ச தூரம் போனபின், “ரெண்டு பேரை வெச்சு டீம் கிடையாது” என்றாள்.

எனக்குத் தெரியும். சாயங்காலங்களில் மட்டைப் பையை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்குகிற வேகம் எனக்குத் தெரியும். அது அலுவலகத்துக்குப் போகிற வேகம் அல்ல.

வீட்டுக்கு வந்து கால் கழுவியதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்டரைப் பொட்டலம் கட்டும் வரை ரத்து செய்யலாம் என்று கடை அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. நமக்குத்தான் மத்தியானம், அவர்களுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது, கடையே திறந்திருக்காது. ரத்து செய்தாள். ரூபாயில் பிடித்ததை ரூபாயிலேயே முழுசாகத் திருப்பித் தருவதாகத் தானியங்கிப் பதில் வந்தது. பொருள் கிளம்பாததால் வங்கிக் கட்டணமும் ஏறாது என்று மறுபடி வாத்திய இசை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அப்படியே, தன்னிடமுள்ள மற்ற கார்டுகளின் வங்கிகளையும் அழைத்து, வெளிநாட்டில் வாங்கினால் நீங்கள் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தாள். ரங்கநாதன் தெருவில் ஒரே மாதிரி பிளாஸ்டிக் வாளிக்கு நாலு கடையில் விலை கேட்பாளே, அதே போல. சம்பளக் கணக்கின் கார்டுக்குத்தான் ஆகக் குறைவு.

அதோடு விட்டிருந்தால் என் ஆறாயிரக் கணக்கு பிழைத்திருக்கும். நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது அவள் இன்னும் விலைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த விலையில அவங்க ஊர் வரியும் சேந்திருக்கு. அவங்க ஊர் வரிய நான் ஏங்க கட்டணும்? நம்ம ஊர்ல சுங்கம் வேற கட்டப்போறோமே?”

அந்தத் தடித்த புத்தகத்தில் இது இல்லை.

கடைக்குக் கடிதம் எழுதினாள். நான் நடையைத் திருத்தித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். நாங்கள் சென்னையில் ஐம்பது வயதைக் கடந்த மூன்று பெண்கள், போட்டிக்கு இந்த ரப்பர் வேண்டும், பொருள் உங்கள் நாட்டை விட்டு வெளியே வருவதால் உங்கள் நாட்டு வரியைக் கழித்து விலை சொல்லவும், யூரோவில் கட்டுகிறேன். இவ்வளவுதான். பிறகு கொஞ்சம் யோசித்து, கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள். எங்கள் ஊரில் காய்கறி வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பையில் போடுவார், அதற்குக் கொசுறு என்று பெயர், மூன்று ரப்பர் ஒன்றாக வாங்குகிறவருக்கு நீங்கள் என்ன போடுவீர்கள் என்று விளக்கி எழுதியிருந்தாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நாட்டின் மானம், கடல் கடந்த நாகரிகம் என்றெல்லாம் ஏதோ சொன்னதாக ஞாபகம். குழம்பை இறக்கச் சொன்னாள். இறக்கினேன்.

சாயங்காலமே பதில் வந்தது. வரியைக் கழித்துப் புதிய ஆர்டர் போட்டிருந்தார்கள். சரியாகக் கேட்டீர்கள் என்றும், எங்களிடம் வாங்குகிற தூர தேசத்துக்காரர்களில் பலர் கேட்பதே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். கொசுறு பற்றி ஒன்றும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

பணம் கட்டும் பக்கத்தில் மறுபடியும் அந்தப் பச்சைப் பெட்டி பளபளத்தது. அவள் அதன்மேல் பார்வையை வைக்கக்கூட இல்லை. சாம்பல் பெட்டியை அழுத்திவிட்டுச் சம்பளக் கார்டின் எண்ணை அடித்தாள். வந்த குறுஞ்செய்தியை என்னிடம் காட்டினாள். தொகை ஒன்றில் முடியவில்லை. ஏழில் முடிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மங்களமான ஏழு என்ற எண்ணை நான் பார்த்ததில்லை.

பொட்டலம் வந்து சேர்ந்து, சுங்க வரியையும் கட்டிவிட்டுப் பிரித்தால், மூன்று ரப்பரோடு, ரப்பரின்மேல் தூசி படாமல் ஒட்டி வைக்கிற மெல்லிய தாள்கள் மூன்று இருந்தன. அவற்றோடு ஒரு சிறிய அட்டை. அதில் கையால் ஆங்கில எழுத்தில் ‘கொசுறு’ என்று எழுதியிருந்தது.

அந்த அட்டை இப்போது எங்கள் ஃப்ரிட்ஜின்மேல் காந்தத்தில் நிற்கிறது. வருகிறவர்களிடம் நானாகவே பேச்சை அந்தப் பக்கம் திருப்பி அதைக் காட்டுகிறேன். என்னுடைய கட்டுரை வந்த பத்திரிகை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மாடிக் கூடத்தில் ரப்பரை எடுத்து வைத்ததும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, பில் எங்கே என்பதுதான். என் மனைவி கடையின் பில்லையும் வங்கி பிடித்த ரூபாய்க் கணக்கையும் சுங்க ரசீதையும் கொடுத்தாள். கூடத்தில் வெளிச்சம் மேசைக்கு மேல் மட்டும்தான். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதங்களோடு மாடிப்படி வாசலுக்குப் போய், சாயங்கால வெயிலில் நின்று வரி வரியாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் துடைக்கிற கை நின்றிருந்தது.

டீச்சர் திரும்பி வந்தார். “ஆறாயிரத்துல எழுநூத்தம்பது மிச்சம் வரணுமே” என்றார்.

என் மனைவி கவரை நீட்டினாள். எழுநூற்று ஐம்பது உள்ளே இருந்தது. அதே மொய்க் கவர், அந்த ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினபடியே.

டீச்சர் வாங்கி, எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டார். “சரியா இருக்கு” என்றார். பிறகு ரப்பரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

“சார் கணக்கு தப்பாப் பூடுச்சு பாத்தியா” என்றார் டாக்டர், என்னை விடுவதாக இல்லை. “கம்மியால்ல வந்துகீது.”

ரப்பர் ஒட்டுவது எங்கள் வீட்டில் நடந்தது. பசையைத் தடவி, காயவிட்டு, மட்டையின்மேல் ரப்பரைப் படிய வைத்து, காற்றுக் குமிழி நிற்காமல் உருட்ட வேண்டும். அதற்குச் சப்பாத்திக் கட்டையைவிடச் சிறந்த கருவி உலகில் இல்லை. உருட்டும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று மட்டைகளையும் நான்தான் உருட்டினேன். ஓரங்களைக் கத்தரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்படவில்லை.

போட்டியன்று நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கேயும் கணவர்களாகத்தான் ஒரு பெஞ்சு நிறைந்திருந்தது. ஏசி இல்லை. மற்றபடி தியாகராய நகர்தான். நடுவர் டீச்சரின் மட்டையை வாங்கி, குமிழ்களை விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்றும் சொல்லாததற்காகத்தான் இத்தனையும்.

முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் வென்று, இரண்டு தோற்று, கடைசி ஆட்டம் டீச்சர் கையில் வந்து நின்றது. எதிரே ஆடியவர் பத்து வயது இளையவர், நல்ல வேகம். அவர் சுழற்றி அனுப்பியதெல்லாம் அவருக்கே திரும்பிப் போனது. டீச்சர் இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. டியூஷனில் தப்பாகப் படிக்கிற பிள்ளையை, இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம் சொல்லு என்று நிறுத்தி வைப்பது போல ஆடினார். கடைசிப் பந்து வலையில் விழுந்தபோது என் மனைவி டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுத்த சுற்றில் தோற்றார்கள். அதைப் பற்றி யாரும் அன்றைக்குப் பேசவில்லை, நானும் பேசப்போவதில்லை.

முதல் சுற்றில் டீச்சரிடம் தோற்ற பெண் ஆட்டம் முடிந்ததுமே கைகொடுத்துவிட்டு, மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்து, இந்த ரப்பர் எங்கே கிடைக்கிறது, எவ்வளவு என்று கேட்டார். பெஞ்சு வரைக்கும் கேட்டது. டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, சுங்கம் உட்படத் தொகையைச் சொன்னார். கடை பெயரும் சொன்னார்.

“ஆனா ரூபாயில கேப்பான், பச்சையா இருக்கும், தொட்டுடாதே” என்றார். “அவா ஊர்க் காசுலயே போடு. வரியைக் கழிக்கச் சொல்லு. அப்பறம் கொசுறு கேளு, குடுப்பான்.”

அருகில் நின்ற என் மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. முகம் மட்டும், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகும் நிறம் மாறாத புடவையைக் கண்டால் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் தோற்ற பெண்ணுடையவர் போலிருக்கிறது. அந்த அம்மா நன்றாக ஆடினார், மட்டையும் பிரமாதம் என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ரப்பரை உருட்டி ஒட்டியது நான்தான் என்று சொன்னேன்.